கறுப்பு வெள்ளை டீவியும் கலர் புத்தகமும்

போன மாதம் மகன் கண்டி டவுனிலிருந்து ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தான். சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. அதனால் பெட்டியை மேசை நடுவில் வைத்து, நான் சமையலை முடித்துக் குசினியிலிருந்து வரும்வரை திறக்காமல் காத்திருந்தான். நான்தான் திறந்தேன். உள்ளே ஒரு தட்டு, அவ்வளவுதான். மூடியின் உள்பக்கத்தில், எப்படி விளையாடுவது என்று சொல்லும் புத்தகம் செருகுவதற்கான இரண்டு பிளாஸ்டிக் பற்கள் இன்னமும் இருந்தன. அவற்றுக்கு இடையில் ஒன்றுமில்லை. பெட்டியைக் கவிழ்த்து ஒருமுறை உதறியும் பார்த்தேன்.

புத்தகம் எங்கே என்று கேட்டதற்கு மகன் சிரித்தான். இப்போதெல்லாம் அது வருவதில்லையாம். விளையாடத் தொடங்கியதும், இந்தப் பட்டனை அமுக்கு, அந்தப் பக்கம் போ என்று அதுவே சொல்லித் தருமாம். பெட்டி என்று ஒன்று கிடைப்பதே பெரிய விஷயம், கூட்டாளிகள் எல்லாம் இன்டர்நெட்டில் இறக்கிக்கொள்கிறார்கள் என்றான்.

யோசித்துப் பார்த்தால் அந்தப் புத்தகம் ஒரே நாளில் காணாமல் போகவில்லை. பிள்ளைகளின் தொல்லை தாங்காமல் கேம் கடைகளில் ஏறி இறங்கிய என் வயதுக்காரர்கள் நீங்களும் கவனித்திருப்பீர்கள். முதலில் தடிப்பாக, கலர் கலராக வந்தது. பிறகு கலர் போனது. பிறகு மடித்த தாள் ஒன்று வந்தது. அதில் விளையாட்டைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. கண் வலித்தால் நிறுத்து, ஈரக் கையால் தொடாதே என்று பல பாஷைகளில் எச்சரிக்கைதான். இப்போது அதுவும் இல்லை. இதற்காக யாரும் அழவில்லை, நானும் அழப்போவதில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அம்மாவிடம் கேட்டால், அதையெல்லாம் ஏன் இப்போது கிளறுகிறாய் என்பாள். பிறகு அவளே சொல்லத் தொடங்கிவிடுவாள்.

அது பள்ளிக்கூடங்கள் திறப்பதும் மூடுவதுமாக இருந்த வருடம். ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாட்டு நிலைமை சரியில்லை என்று பெரியவர்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துக்கொள்வார்கள். எனக்குப் பத்து வயது. நிலைமை சரியில்லை என்றால் பள்ளிக்கூடம் இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த அர்த்தம்.

பிலிமத்தலாவையில், கொழும்பு ரோட்டிலிருந்து செங்குத்தான படிகளில் ஏறினால் வரும் ஒரு வீட்டின் கீழ்ப்பாதியில் வாடகைக்கு இருந்தோம். ரோட்டோரப் பித்தளைக் கடைகளில் தட்டுகிற சத்தம் பகல் முழுக்க மேலே வரும். அது நின்றால்தான் காதுக்கு என்னவோ போல இருக்கும். மேல்பாதியில் வீட்டுக்காரர்கள். அவர் அக்குறணையில் துணிக்கடை வைத்திருந்தார். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அவருடைய மனைவியை, முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைப்பது போல, நாங்களும் ராத்தா என்று கூப்பிடுவோம். பிள்ளைகள் இல்லை. கண்டியில் கான்வென்ட்டில் படித்தவர், இங்கிலீஷ் நன்றாக வரும். அதை வைத்துக்கொண்டு அந்த மாடியில் அவர் என்ன செய்வது?

அப்பாவுக்குக் கண்டி டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. அம்மா கட்டிலில் இருந்தாள்.

அதைச் சரியாகச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு நோய் ஒன்றுமில்லை. வயிற்றில் பிள்ளை. எனக்குப் பிறகு உண்டான இரண்டும் தங்கவில்லை என்பதால், இந்த முறை டொக்டர் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, பிள்ளை பிறக்கும்வரை கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். கால் பக்கம் உயர்ந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அப்பா கட்டிலின் கால்மாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே செங்கல் வைத்தார். அம்மா தலை தாழ்ந்து, கால் உயர்ந்து, சரிவில் நிறுத்திய வண்டி மாதிரிக் கிடந்தாள். சாப்பாடும் அப்படியே, தலைவாருவதும் அப்படியே. கல்யாணமாகும்வரை புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். ஓடி ஓடி வேலை செய்து பழகிய உடம்பு. இரண்டாவது வாரத்திலேயே தலைக்கு மேலே மாடிப் பலகைகளிலிருந்த ஆணிகளை எண்ணத் தொடங்கிவிட்டாள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அவளும் அதே தோட்டம்தான். தன் புருஷனையும் மாட்டையும் பக்கத்து லயத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு பை கீரையோடு வந்து இறங்கினாள். வந்த அன்றே எங்கள் குசினியில் இருந்த எல்லாவற்றையும் இடம் மாற்றினாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் அது கட்டளையாக இருக்கும். நான் அவளுக்குப் பயந்தேன். அம்மாவும் பயந்தாள் என்றே நினைக்கிறேன்.

அப்படியிருக்கும்போதுதான் சவூதியில் வேலை செய்த மாமா லீவில் வந்தார். அம்மாவின் தம்பி. எனக்கென்று ஒரு டீவி கேம் கொண்டுவந்திருந்தார். வெள்ளைப் பெட்டி ஒன்று, வயரோடு தொங்கும் பட்டன் கட்டை ஒன்று, அதை நாங்கள் ரிமோட் என்றே சொன்னோம், பிறகு விளையாட்டு அடங்கிய ஒரு கெசட். கெசட் இருந்த அட்டைப் பெட்டிக்குள் அந்தப் புத்தகம் இருந்தது. பள்ளிக்கூடக் கொப்பியில் பாதி அளவு. வழவழப்பான தாள். விரித்தால் புதுச் சப்பாத்துப் பெட்டியின் வாசனை. பக்கத்துக்குப் பக்கம் கலர். அந்த மாதிரி ஒரு நீலத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாமா எல்லாவற்றையும் பூட்டிக் காட்டிவிட்டு, அடுத்த நாளே கொழும்புக்குப் போய்விட்டார்.

எங்களிடம் இருந்தது கறுப்பு வெள்ளை டீவி. கட்டிலுக்கு எதிரே மேசையில் வைத்தோம். அம்மா தலை தாழ்ந்து கிடந்ததால் அவளுக்குப் படம் சாய்ந்து தெரிந்தது. அப்பா டீவிக்கு ஒரு பக்கம் பலகைத் துண்டு கொடுத்து அதையும் அதே அளவுக்குச் சாய்த்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அம்மாவைப் பார்ப்பார்கள், பிறகு டீவியைப் பார்ப்பார்கள், பிறகு தங்கள் கழுத்தைக் கொஞ்சம் சாய்ப்பார்கள்.

விளையாட்டில் ஒரு சின்ன மனிதன். கையில் விளக்கு. ஒரு குகைக்குள் இறங்கிப் போகிறான். நண்டு, வவ்வால், நத்தை எல்லாம் வரும். தாண்ட வேண்டும். வழியில் பழங்கள் தொங்கும். சில பழங்களை எடுத்தால் உயிர் கூடும், சிலதை எடுத்தால் அங்கேயே விழுந்து சாவான். எந்தப் பழம் நல்லது என்று எனக்குப் பிடிபடவில்லை. எல்லாமே சாம்பல் நிறம். தண்ணீரும் அப்படித்தான். சில குட்டைகளில் நீந்தலாம், சிலதில் கால் வைத்தால் முடிந்தது. மாமா போன பிறகு இரண்டு நாள் முழுக்க அந்த மனிதனைச் சாகடித்துக்கொண்டே இருந்தேன்.

அம்மா கட்டிலில் கிடந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்: "அந்தப் புஸ்தகத்துல என்ன போட்டிருக்குனு பாரேன்."

பார்த்தேன். படம் புரிந்தது, எழுத்து புரியவில்லை. பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் பசுவும் பந்தும்தான் இருந்தன. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். ராத்தா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முந்தானையில் கையைத் துடைத்து, முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். அன்றைக்கு அவர் கீழே வந்து அம்மாவின் கால்மாட்டில் கதிரை போட்டு உட்கார்ந்தவர், பின்னேரம்வரை போகவில்லை.

அந்த மனிதன் ஒரு தீவில் வெளிச்சவீட்டைக் காப்பவன். புயலில் விளக்கு உடைந்துபோனது. அதன் துண்டுகளை நண்டுகளும் வவ்வால்களும் கீழே குகைக்குள் கொண்டுபோய் ஒளித்துவிட்டன. கப்பல்கள் வருவதற்குள் எல்லாத் துண்டுகளையும் எடுத்து ஒட்ட வேண்டும். வருகிற கப்பலில் அவனுடைய பெண்சாதி இருக்கிறாள் என்றும் ராத்தா சொன்னார். சில மாதங்களுக்குப் பிறகு இங்கிலீஷ் பிடிபட்டதும் நானே வாசித்தேன். பெண்சாதியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அது ராத்தா சேர்த்தது.

பழங்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் இருந்தது. சிவப்புப் பழம் நல்லது, பச்சைப் பழம் நஞ்சு. எங்கள் டீவியில் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. ஆனால் கலர்ப் படத்தை உற்றுப் பார்த்த அம்மா வேறொன்றைக் கண்டுபிடித்தாள். சிவப்புப் பழத்தின் காம்பில் இரண்டு இலை, பச்சைப் பழத்துக்கு ஒற்றை இலை. நஞ்சுத் தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழிகள் வரைந்திருந்தன.

"ரெண்டு எலையத்தான் எடுக்கணும்" என்று அம்மா தனக்குள் சிரித்துக்கொண்டாள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து பறித்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "அத இங்க குடு."

அன்று ரிமோட்டை வாங்கியவள்தான். பறித்துப் பழகிய விரல்கள். பட்டன்கள் டக் டக் டக் என்று ஒரே சீராகச் சத்தம் போட்டன. நான் செத்த இடத்தையெல்லாம் தாண்டிப் போனாள். நான் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்து, வருகிறது இன்னது, அதை இப்படி அடிக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் கண் டீவிக்கும் புத்தகத்துக்கும் போய்ப்போய் வரும். கொஞ்ச நாளில் சாம்பல் நிறத்தையே நாங்கள் கலராகப் பார்க்கத் தொடங்கினோம். இன்றைக்கும் அந்த விளையாட்டை நினைத்தால் எனக்கு நீலக் குகையும் சிவப்புப் பழமும்தான் ஞாபகம் வருகின்றன. நான் அதைக் கலரில் பார்த்ததே இல்லை.

பூச்சிகளுக்கும் மிருகங்களுக்கும் புத்தகத்தில் வாய்க்குள் நுழையாத பெயர்கள் இருந்தன. அம்மா வேறு பெயர் வைத்தாள். விடாமல் பின்னாலேயே பறந்து வரும் வவ்வால் அப்பாவின் முதலாளி. மூலையில் நின்று இருந்த இடத்தை விட்டு அசையாமல் கல் எறியும் நண்டு, எங்கள் ஒன்றுவிட்ட பெரியப்பா. அப்பா வேலை விட்டு வந்து, குடையை மடக்கியபடியே வாசலில் நின்று, இன்றைக்கு முதலாளி எத்தனை தடவை செத்தார் என்று கேட்பார். நிறையத் தடவை என்று சொன்னால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

அத்தைக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. குசினி வாசலில் நின்று பார்ப்பாள். வாயும் வயிறுமாக இருக்கிறவள் காலையிலிருந்து நண்டையும் வவ்வாலையும் பார்த்துக்கொண்டு கிடந்தால் பிள்ளை எப்படிப் பிறக்கும் என்று அப்பாவிடம் கேட்டாள். பார்ப்பதுதான் பிள்ளையில் படியும் என்பது அவளுடைய நம்பிக்கை. அப்பா மழுப்பினார். அக்காவை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. பெண்சாதியிடம் போய் அதை நிறுத்து என்று சொல்லவும் மனம் வரவில்லை. அவர் அத்தை பக்கமும் அம்மா பக்கமும் பார்க்காமல் பேப்பரைப் பார்த்தார்.

ஒரு நாள் காலையில் புத்தகத்தைக் காணோம்.

வெள்ளைப் பெட்டியும் ரிமோட்டும் கெசட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. புத்தகம் மட்டும் இல்லை. நான் கட்டிலுக்கடியில், அலுமாரிக்குப் பின்னால், அரிசி வாளிக்குள் எல்லாம் தேடினேன். அத்தை இடியப்பம் பிழிந்துகொண்டே இருந்தாள். அம்மா கண்ணால்கூடத் தேடவில்லை. அவள் அத்தையின் முதுகைப் பார்த்தாள், பிறகு மேல்பலகையைப் பார்த்தாள்.

அத்தை ஏன் புத்தகத்தை மட்டும் எடுத்தாள் என்று பின்னாளில்தான் விளங்கியது. நாங்கள் எப்போதும் முதலில் புத்தகத்தை விரித்து, நான் ஏதோ வாசித்து, அதன் பிறகுதான் விளையாட்டைத் தொடங்குவோம். அவள் அதைத் தள்ளி நின்று பார்த்தவள். அந்தப் புத்தகம் இல்லாமல் பெட்டி வேலை செய்யாது என்று முடிவு செய்திருந்தாள். ஆனால் அச்சடித்த தாளைக் கிழிக்கவோ அடுப்பில் போடவோ அவளுக்குக் கை வரவில்லை. அது படிப்பு, சரஸ்வதி. அதனால் சேலை மடிப்பில் சொருகிக்கொண்டு மாடியேறி, பிள்ளை பிறக்கும்வரை இதைப் பத்திரமாக வைத்திருங்கள், கீழே மட்டும் அனுப்பாதீர்கள் என்று ராத்தாவிடமே கொடுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ராத்தா படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடமும் இல்லை, பிள்ளை சும்மா இருக்கிறது, தினமும் மேலே அனுப்பினால் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கலாம் என்று அத்தையிடம் கேட்டார். அத்தைக்கு அப்படியொரு சந்தோஷம். அன்றைக்கே எனக்குத் தலையில் எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னி அனுப்பினாள்.

மேலே அலுமாரியைத் திறந்து ராத்தா புத்தகத்தை எடுத்தார். "கீழ அனுப்ப மாட்டேன்னு சென்னேன். வாசிக்க மாட்டேன்னு செல்லல்ல" என்றார். "இது இங்கிலீஷ் பாடந்தானே புள்ள. வா."

அப்படித்தான் நான் இங்கிலீஷ் படித்தேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். ராத்தா வாசிப்பார், நான் திருப்பிச் சொல்வேன், அர்த்தம் சொல்வார். அதை மனதில் சுமந்துகொண்டு, சிந்தாமல், படியிறங்கி வந்து அம்மாவின் காதில் சொல்வேன். அத்தை கிணற்றடியில் துணி துவைக்கப் போகும் நேரம்தான் விளையாட்டு. சத்தத்தைக் குறைத்துவிடுவோம். அம்மா என்னை ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டு, தலையாட்டுவாள். புத்தகம் போன பிறகுதான் அவள் அதை முழுக்கத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். வருகிறவர்களிடம் அத்தை, எங்கள் பிள்ளை மாடியில் இங்கிலீஷ் படிக்கிறது என்று பெருமையாகச் சொல்வாள். அவள் சொன்னதில் பொய்யில்லை.

ஆனால் அம்மாவும் அத்தையும் பேசுவது நின்றுபோனது. சோறு வரும், வெந்நீர் வரும், கை கால் பிடித்துவிடுவதும் நடக்கும், பேச்சு மட்டும் இருக்காது. தான் கட்டிலில் கிடந்து சந்தோஷமாக இருப்பது அத்தைக்குப் பொறுக்கவில்லை என்று அம்மா ஒருமுறை ராத்தாவிடம் சொன்னதைக் கேட்டேன். நானும் அப்படியே நம்பினேன்.

மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட மாதத்தில், ஒரு காலை, அம்மாவின் படுக்கை விரிப்பில் இரத்தம் பட்டிருந்தது. யாரோ ஒரு வேனைக் கூட்டிவந்தார்கள். அப்பாவும் இன்னும் இருவரும் அம்மாவைப் பாயோடு தூக்கிப் படியிறக்கினார்கள். அத்தை முன்னால் குடையோடு, மழையை அதட்டுகிறவள் மாதிரி, வழி விடச் சொல்லிக்கொண்டே போனாள். நான் ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாடியில் நின்றேன். அவர் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார். தனக்கும் ஊற்றினார். இரண்டும் ஆறிப்போயின.

அம்மாவைச் சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து திரும்ப அனுப்பினார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இனி இன்னும் கவனம் என்றார்களாம். கட்டில் மறுபடியும் செங்கலில் ஏறியது. வந்த அம்மா வேறு ஆளாக இருந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ரிமோட்டை எடுத்துக் கொடுத்தேன், கையை நீட்டவில்லை. ராத்தா வந்து உட்கார்ந்து பேசினார், சரி சரி என்றாள். அப்பா டீவியைப் போட்டுவிட்டுப் போவார், அவள் பார்க்கமாட்டாள். மூச்சு விடுவதைக்கூட அளந்து விட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. அசைந்தால் போய்விடும் என்ற பயம். இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறதே.

அப்படி ஒரு வாரத்துக்கு மேல் போயிருக்கும். ஒரு மத்தியானம், சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அத்தை மாடிக்குப் போனாள். அவளுக்கு முழங்கால் வலி, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்றுதான் ஏறுவாள். இறங்கி வந்தபோது கையில் புத்தகம் இருந்தது. நேராகக் கட்டிலருகே வந்து, அம்மா திரும்பிப் படுத்திருந்த சுவர்ப் பக்கமாகவே சுற்றிப் போய் நின்றாள்.

"ஆஸ்பத்திரியில நீ கண்ண மூடிக்கிட்டு என்னமோ சொல்லிக்கிட்டே கெடந்த" என்றாள். "சாமி பேரச் சொல்றேனு நெனச்சு நானும் பக்கத்துல கும்புட்டுக்கிட்டே ஒக்காந்திருந்தேன். குனிஞ்சு காதக் குடுத்துக் கேட்டா, ரெண்டு எல செவப்பு, ஒத்த எல பச்சை, கொமிழி வந்தா நஞ்சு, ரெண்டு எல செவப்பு, ஒத்த எல பச்சைனு சொல்லிக்கிட்டிருந்த."

அத்தை சேலைத் தலைப்பால் புத்தகத்தின் அட்டையை ஒருமுறை துடைத்தாள்.

"அந்த நேரத்துல எது வாய்ல வருதோ அதுதான நமக்குத் துணை. இந்தா. நான் எடுத்தது தப்புனு சொல்லல. ஆனா எடுத்தது நான்தான்."

புத்தகத்தைத் தலையணையில் வைத்தாள். அம்மா கொஞ்ச நேரம் அதன் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினாள்.

ரிமோட்டைக் காட்டி, "அண்ணி" என்றாள். "நீங்க பிடிங்க."

அத்தை ரிமோட்டைக் கையில் எடுத்த காட்சியை நான் எப்படிச் சொல்வது? அதன் வயரைக் கையில் சுற்றிக்கொண்டு, மாட்டைப் பிடிப்பது போல உறுதியாகப் பிடித்தாள். அந்த மனிதன் குதிக்க வேண்டிய இடத்தில் அவளும் கதிரையிலிருந்து எழும்பினாள். குனிய வேண்டிய இடத்தில் அவளும் குனிந்தாள். முதல் நண்டைக் கண்டதும் சீ போ என்று வாயால் விரட்டினாள். நான் புத்தகத்தைப் பார்த்து வாசித்தேன். அம்மா படுத்தபடி, இப்ப பாயுங்க, இப்ப நில்லுங்க என்று சொன்னாள். பழம் வந்தது. "ரெண்டு எல" என்று அத்தையே சொல்லி, அதைச் சரியாக எடுத்தாள். வாழ்நாள் முழுக்க அவள் எடுத்தது அதைத்தானே.

வவ்வால் வந்தபோது, இது யார் தெரியுமா என்று நான் சொல்லிவிட்டேன். தன் தம்பியின் முதலாளி என்று தெரிந்ததும் அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். அம்மா சிரித்தாள். நின்றுபோன ஏதோ ஒன்று திரும்ப ஓடத் தொடங்கிய மாதிரிச் சிரித்தாள். தையல் இருக்கிறது, சிரிக்காதே என்று அத்தை அதட்டினாள். அதற்கும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு மூன்று பேரும், மேலேயிருந்து ராத்தா வந்தால் நாலு பேரும், ஒவ்வொரு மத்தியானமும் அந்தக் குகையில்தான் இருந்தோம். மழை நாள்களில் ஈரத் துணிகள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே கொடியில் தொங்கும். அவற்றை விலக்கிக்கொண்டு டீவியைப் பார்ப்போம். அத்தை வெந்தயமும் கருப்பட்டியும் போட்டு எதையாவது கிளறி, கிண்ணத்தோடு வந்து உட்காருவாள். கரண்ட் போனால் நான் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து கதையை வாசிப்பேன். கப்பலில் வரும் பெண்சாதி நல்லபடியாகக் கரை சேர வேண்டும் என்பதில் அத்தைக்குத்தான் அக்கறை அதிகம். ராத்தா அவளுக்காக ஒவ்வொரு நாளும் அந்தப் பெண்சாதியின் கதையை இன்னும் கொஞ்சம் நீட்டினார். கப்பலில் என்ன சாப்பிடுகிறாள், என்ன சேலை உடுத்திருக்கிறாள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

கடைசிப் பக்கத்தில், இதற்குப் பிறகு உள்ளவற்றை நாங்கள் சொல்லமாட்டோம், நீங்களே கண்டுபிடியுங்கள் என்று போட்டிருந்தது. அதை வாசித்துச் சொன்னபோது அத்தை கொஞ்சம் கோபப்பட்டாள். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது.

கடைசிக் குகைக்கு வந்திருந்தோம். புத்தகம் கைவிட்ட இடம். ஒரு மத்தியானம், அத்தை விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மா சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, அண்ணி, அதைக் கீழே வையுங்கள் என்றாள். பனிக்குடம் உடைந்திருந்தது. வேன் வந்து, அம்மாவைத் தூக்கிப் போய், அப்பா பின்னேரம் துணி எடுக்கத் திரும்பி வந்தபோதுதான் டீவி ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்து நிறுத்தினார். நாங்கள் அந்த விளையாட்டை முடிக்கவே இல்லை. அந்தக் கப்பல் என்னவானது என்று இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.

தம்பி நாள் முந்திப் பிறந்தான், ஒப்பரேஷன் செய்துதான் எடுத்தார்கள். மிகவும் சின்னதாக இருந்ததால் சூடான கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தலையில் ராத்தா பின்னிய கம்பளித் தொப்பி. கட்டிலிலிருந்து செங்கல்லை அப்பா எடுத்துவிட்டிருந்தார், டீவிக்குக் கொடுத்த பலகையை மறந்துவிட்டார்.

அத்தை அவனை மடியில் கிடத்தி, சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, கைவிரல், கால்விரல், காது, முதுகு என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். நேரமெடுத்துப் பார்த்தாள். எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது. வவ்வாலின் இறக்கை இருக்கிறதா என்று தேடுகிறாளாக்கும் என்று நினைத்தேன். நான் கல்யாணமாகி முதல் பிள்ளை உண்டானபோதுதான் அம்மா எனக்குச் சொன்னாள். முன்பு போன இரண்டில் ஒன்று, முழு உருவமாகப் பிறந்து மூச்சில்லாமல் இருந்ததாம். அம்மா மயக்கத்தில் இருந்தாள், முகம் பார்க்கவில்லை. அத்தைதான் அதைக் குளிப்பாட்டி, துணி சுற்றி, அப்பாவோடு போய் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். அதைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் பேசியதில்லை. அந்தக் கைகள்தான் எங்கள் துணியைத் துவைத்தன, அந்தப் புத்தகத்தைத் தூக்கி ஒளித்தன. நாங்கள் அவளைப் பொறாமைக்காரி என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

பார்த்து முடித்ததும் அத்தை துணியை முன்பைவிட இறுக்கமாகச் சுற்றி, அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தன் பையைக் கட்டத் தொடங்கினாள். மாடு ஞாபகம் வந்துவிட்டதாம்.

டீவி கேம் அதிக நாள் இருக்கவில்லை. ஒரு இடி மழையில் கருகிப்போனது. கெசட்டை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. புத்தகம் மட்டும் வீட்டில் கிடந்தது. பள்ளிக்கூடம் ஒழுங்காகத் திறந்த பிறகு நான் இங்கிலீஷில் வகுப்பில் முதலாவதாக வந்தேன். டீச்சர் கேட்டபோது, வெளிச்சவீடு, நஞ்சு, குகை, உயிர் மிச்சம் என்ற சொற்களெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தன. பசுவும் பந்தும் மற்றவர்களுக்கும் தெரிந்திருந்தன.

தம்பிக்கு மொட்டையடித்துக் காது குத்த அத்தை மறுபடியும் வந்தாள். அப்போது அவன் தவழத் தொடங்கியிருந்தான். பல் முளைக்கும் காலம், கண்ணில் பட்டதெல்லாம் வாய்க்குள் போகும். சடங்கு முடிந்த பின்னேரம், பெரியவர்கள் பாயில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, அவன் அலுமாரிக்கடியில் நுழைந்து அந்தப் புத்தகத்தை இழுத்து வெளியே எடுத்துவிட்டான். நடுவில் உட்கார்ந்து, அட்டையைப் பிய்த்து, பக்கங்களைக் கசக்கி, மும்முரமாகத் தின்னத் தொடங்கினான். நான் பதறிக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்பே அத்தை அவன் கையைப் பிடித்துவிட்டாள்.

"விடுங்க அண்ணி" என்றாள் அம்மா. பாயில் கால் நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அவனுக்குத்தான வாசிச்சோம்."

அத்தை அவன் நாக்கில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கை மட்டும் விரலால் வழித்தெடுத்தாள். பிறகு புத்தகத்தை அவன் கையிலேயே விட்டுவிட்டாள்.